கையெழுத்தை வார்டிலேயே போடுங்கள்: குமரி எல்லையோர நர்சிங் கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு திறந்த மடல்

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, கருங்கல், தக்கலை வட்டாரத்து நர்சிங் கல்லூரி முதல்வர்களுக்கும் வகுப்பாசிரியர்களுக்கும்,

வணக்கம்.

இன்டர்வியூ மேசையில் எதிரே அமருகிற மூத்த செவிலியர்களும் பணிநிறைவு பெற்ற ஆசிரியர்களும் எழுதுகிறோம். உங்கள் மாணவர்கள் இன்டர்வியூவுக்குக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருகிற ஃபைலைப் பற்றித்தான் இந்த மடல். கேரள எல்லைக்கு இந்தப் பக்கம் நாகர்கோவில் வரைக்கும், அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம் வரைக்கும் வேலை கேட்டு வருகிறவர்கள் அவர்கள். கைவேலை தெரிந்த பிள்ளைகள்தான். ஆனால் தெரியும் என்பதற்குச் சாட்சி கேட்டால், ஃபைலைத் திறந்ததும் முதலில் வருவது பத்தாம் வகுப்பு மார்க் ஷீட். கடைசியில் வருவது கலைவிழா கோலப்போட்டிச் சான்றிதழ். நடுவில் நான்கு வருட வார்டு வேலை எங்கே என்று தேடினால் ஒரே ஒரு தாள், கோர்ஸ் முடித்த சான்று.

குற்றம் மாணவர் தலையில் மட்டும் இல்லை. இந்த ஃபைலை, அதாவது போர்ட்ஃபோலியோவை, கடைசி மாதத்தில் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து செய்கிற வேலையாக நாம்தான் வைத்திருக்கிறோம். வார்டில், செய்த அன்றைக்கு, பார்த்தவர் கையெழுத்தோடு பதிவாகாத எதையும் நான்கு வருடம் கழித்து எந்தக் கடையாலும் அச்சடித்துத் தர முடியாது. அந்தப் பதிவு உங்கள் கையில் இருக்கிறது. அதனால்தான் மாணவர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறோம்.

முதலில் லாக் புக். இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் திருத்திய பி.எஸ்ஸி. பாடத்திட்டம் எட்டு செமஸ்டரும் திறனை அடிப்படையாகக் கொண்டது. கடைசி செமஸ்டரில் 22 வாரம் இன்டர்ன்ஷிப். எந்தச் செய்முறையை எத்தனை தடவை, யார் மேற்பார்வையில் செய்தார் என்று எழுதிவைக்க லாக் புக் கொடுத்திருக்கிறார்கள். நடப்பது என்ன? பிராக்டிகல் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு, ஹாஸ்டல் வராந்தாவில் இருபது பேர் சுற்றி உட்கார்ந்து தேதி போட, ஆசிரியர் ஒரே மூச்சில், ஒரே பேனாவில் அத்தனை பக்கத்துக்கும் கையெழுத்துப் போடுகிறார். எதிரே இருக்கிற நர்சிங் சூப்பிரண்டு அதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். மை ஒரே நிறம், கையெழுத்து ஒரே சாய்வு, ஞாயிற்றுக்கிழமையிலும் ஓணம் விடுமுறையிலும் ஊசி போட்டதாகத் தேதி. அதற்குப் பிறகு அந்த ஃபைலில் இருக்கிற உண்மையான பக்கத்தையும் யாரும் நம்புவதில்லை.

தீர்வு சிரமமானதல்ல. ஒவ்வொரு போஸ்டிங்கிலும் (வார்டுப் பயிற்சிக் காலம்) சனிக்கிழமை டியூட்டி முடிகிற அரைமணி நேரத்தைக் கையெழுத்துக்கென்று ஒதுக்குங்கள். அந்த வாரத்துச் செய்முறைகளுக்கு மட்டும் கையெழுத்து. முந்தைய வாரம் விட்டுப்போனது விட்டுப்போனதுதான். கண்டிப்பாகத் தோன்றும், ஆனால் இரண்டாவது வாரத்திலேயே பிள்ளைகள் பாக்கெட்டில் சின்ன நோட்டு வைத்துக்கொள்ளத் தொடங்கிவிடுவார்கள். முடிந்தவரை வார்டு இன்சார்ஜ் சிஸ்டரின் கையெழுத்தும் கூடவே இருக்கட்டும். கல்லூரி ஆசிரியர் கையெழுத்தை விட வார்டில் வேலைபார்க்கிறவர் கையெழுத்துக்கு இன்டர்வியூவில் மதிப்பு கூடுதல்.

அடுத்து, லாக் புக்கைத் தேர்வு முடிந்ததும் கல்லூரி வாங்கி அலமாரியில் பூட்டிவிடுகிறது. விதிப்படி வைத்திருக்க வேண்டியதை வைத்திருங்கள். பூட்டுவதற்கு முன்னால் செமஸ்டருக்கு ஒரு முறை அதை ஸ்கேன் செய்து மாணவர் கையில் கொடுங்கள். மிட்வைஃபரி (பேறுகாலப் பராமரிப்பு) கேஸ் புக்குக்கு இது இன்னும் அவசியம். பழைய பாடத்திட்டத்தில் மிட்வைஃபாகப் பதிவு செய்யக் கர்ப்பிணிப் பரிசோதனை 30, சாதாரணப் பிரசவம் 20, பிரசவத்துக்குப் பின் பராமரிப்பு 20 என்று கணக்கு இருந்தது. அந்தக் கணக்கை முடித்தவர்கூட, லேபர் ரூமில் வேலை கேட்டு வரும்போது அதைக் காட்ட ஒரு தாள் இல்லாமல் நிற்கிறார்.

இந்த லாக் புக்கிலிருந்து ஒரு பக்கம் பிறக்க வேண்டும். எங்கள் கணக்கில் ஃபைலின் உயிர் அந்தப் பக்கம்தான். இடது ஓரத்தில் செய்முறையின் பெயர். வலதில் நான்கு கட்டம்: பார்த்தது, உதவியது, மேற்பார்வையில் செய்தது, தனியாகச் செய்தது. ஒவ்வொரு கட்டத்திலும் டிக் அல்ல, எண். ‘ஐ.வி. கேனுலா: பார்த்தது 12, உதவியது 9, மேற்பார்வையில் 6, தனியாக 0’ என்று எழுதிய பெண்ணை எடுத்துக்கொள்ள எங்களுக்குத் தயக்கமே இல்லை. எல்லாவற்றுக்கும் ‘தனியாக’ என்று டிக் போட்டு வருகிறவரைத்தான் கேள்வியால் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

என்ன கேள்வி வரும் என்பதும் ரகசியம் இல்லை. கேனுலா (ரத்தக்குழாயில் செருகும் மெல்லிய குழாய்) போட்டேன் என்றால் அளவு எண்ணுக்குரிய நிறம் கேட்போம்: 18 பச்சை, 20 இளஞ்சிவப்பு, 22 நீலம், 24 மஞ்சள். ரத்தம் ஏற்ற எது, ஏன் என்று அடுத்தது. மூக்குவழிக் குழாய் போட்டேன் என்றால் எப்படி அளந்தாய்? மூக்கு நுனியிலிருந்து காது மடல், அங்கிருந்து நெஞ்செலும்பின் கீழ்நுனி. உள்ளே போனது வயிற்றில்தான் என்று எப்படி உறுதி செய்தாய்? காற்றை அடித்து ஸ்டெத்தில் சத்தம் கேட்டேன் என்பது இன்னும் பல வார்டுகளில் சொல்லித்தரப்படுகிற பதில். அந்தச் சத்தம் நுரையீரலுக்குப் போன குழாயிலும் கேட்கும். உறிஞ்சி எடுத்த திரவத்தின் பி.எச். 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். சந்தேகம் என்றால் எக்ஸ்ரே.

மருந்துக் கணக்கு கட்டாயம் வரும். 500 மில்லி சலைன் நான்கு மணி நேரத்தில் போக வேண்டும், செட் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. நிமிடத்துக்கு எத்தனை? 500-ஐ 20-ஆல் பெருக்கி 240-ஆல் வகுத்தால் 41.67, அதாவது 42 சொட்டு. இதைவிட அதிகம் பேர் தடுக்கி விழுவது இன்சுலினில். நம் நாட்டில் மில்லிக்கு 40 யூனிட் உள்ள வயலும் (மருந்துக் குப்பி) உண்டு, 100 யூனிட்டும் உண்டு. 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கானதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் நோயாளிக்குப் போவது 10 அல்ல, 25 யூனிட். இதைத் தன் ஃபைலில் அரைப்பக்கம் எழுதி, தன் வார்டில் எந்த வயல் இருந்தது என்று குறித்து வைத்திருக்கிற மாணவர் தேர்ச்சிச் சதவீதத்தைச் சொல்ல வேண்டிய தேவையே இருக்காது.

செய்முறைப் பக்கத்துக்கு முன்னால் போஸ்டிங் சுருக்கம் ஒரு தாள் வேண்டும். எந்தப் பிரிவு, எத்தனை படுக்கை, எத்தனை வாரம், என்ன ஷிஃப்ட், ஒரு ஷிஃப்டில் மாணவர் பொறுப்பில் எத்தனை நோயாளிகள். அவ்வளவே. மருத்துவமனையின் வரலாறு, நிறுவனர் படம் எதுவும் வேண்டாம்.

கேஸ் ஸ்டடிக்கு வருவோம். நான்கு வருடத்தில் எழுதியதையெல்லாம் அடுக்கி வருகிறார்கள். ஒவ்வொன்றும் பதினைந்து பக்கம், அதில் பன்னிரண்டு பக்கம் பாடப்புத்தகத்திலிருந்து இறக்கிய உடற்கூறியல். கலர் ஸ்கெட்ச்சில் வரைந்த இதயம் அழகாகத்தான் இருக்கிறது, எங்களுக்கு வேண்டியது அதுவல்ல. மூன்று கேஸ் போதும், ஒவ்வொன்றும் இரண்டு பக்கம். ஒன்று வேலை கேட்கும் பிரிவைச் சேர்ந்ததாக இருக்கட்டும், ஒன்று சமூக சுகாதாரப் போஸ்டிங்கிலிருந்து, ஒன்று நம் மண்ணுக்கே உரியது.

நம் மண்ணுக்கு உரியது என்றால் பாம்புக்கடி. இருட்டு விலகுமுன் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டப் போகிற தொழிலாளி நம் அவசரப் பிரிவுகளுக்குப் புதியவர் இல்லை. இந்தக் கேஸை எழுதுகிறவர் பாம்பின் குடும்ப வரலாற்றை விட்டுவிட்டு, 20 நிமிட ரத்த உறைவுச் சோதனையில் தன் கை என்ன செய்தது என்று எழுத வேண்டும். புதிய, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம். 20 நிமிடம் அசைக்காமல் வைத்தல். பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்த்தல். பிளாஸ்டிக் குழாயிலோ சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயிலோ எடுத்தால் முடிவு தவறும், ஏனென்றால் ரத்தத்தை உறையத் தூண்டுவது அந்தக் கண்ணாடிப் பரப்புதான். விஷமுறிவு மருந்து எத்தனை வயல் ஏறியது, எத்தனை நிமிடத்தில், அரிப்போ மூச்சிரைப்போ வந்தால் கொடுக்க அட்ரினலின் 0.5 மில்லிகிராம் தசை ஊசியாகத் தயாராக இருந்ததா, ஆறு மணி நேரம் கழித்து மறுபடி சோதித்தபோது ரத்தம் உறைந்ததா? வீக்கத்தை எந்த இடத்தில் பேனாவால் கோடிட்டு, எத்தனை மணிக்கு அளந்தார்? கடைசியாக, கயிறு இறுக்கிக் கட்டி வந்த காலைப் பற்றி வீட்டாருக்கு என்ன சொல்லி அனுப்பினார்? இவ்வளவும் இரண்டு பக்கத்தில் அடங்கும். அடங்கியதைப் படித்தால் அவர் அந்தக் கட்டிலருகே நின்றிருக்கிறார் என்று தெரியும்.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேஸ் ஸ்டடியில் நோயாளியின் பெயர், ஐ.பி. எண் (உள்நோயாளி எண்), ஊர், முகம் தெரியும் படம் எதுவும் கூடாது. ‘48 வயது ஆண், பால்வெட்டுத் தொழிலாளி’ போதும். எக்ஸ்ரே படத்தைப் போனில் எடுத்து, ஓரத்தில் பெயர் தெரிய ஒட்டி வருகிறவர்கள் உண்டு. நாளை எங்கள் நோயாளியின் படத்தையும் இவர் இப்படித்தான் சுமந்து திரிவார் என்ற எண்ணம் அந்த இடத்திலேயே வந்துவிடுகிறது; நல்ல கேஸும் அதோடு வீணாகிறது.

இனிப் பெயர். வெளியூர்க் கல்லூரிகளுக்கு இவ்வளவு தலைவலி இருக்காது, நமக்கு உண்டு. 1956-ல் நம் தாலுகாக்கள் திருவிதாங்கூர்–கொச்சியை விட்டுச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. கோடு விழுந்தது, பெயர் வைக்கிற பழக்கம் கோட்டைப் பார்க்கவில்லை. ஒரே வகுப்பில் அப்பா பெயரின் முதலெழுத்தை இனிஷியலாக வைத்தவர், வீட்டுப்பெயரை வைத்தவர், அம்மா பெயரையும் சேர்த்தவர் எல்லாரும் இருப்பார்கள். பள்ளிச் சான்றில் இனிஷியல் முன்னால், பல்கலைக்கழகச் சான்றில் பின்னால், ஆதாரில் முழுப்பெயராக விரிந்து, பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக. போதாததற்கு மலையாள வழி எழுத்தும் தமிழ் வழி எழுத்தும் ஆங்கிலத்தில் வேறு வேறாக விழும்: ஒன்றில் ‘பிரபா’வுக்கு எச் உண்டு, ஒன்றில் இல்லை.

உள்ளூர் வேலைக்கு இது பெரிய தடை இல்லை. வளைகுடா நாடுகளுக்குப் போகும்போது டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் செய்யும் சான்றிதழ் சரிபார்ப்பில் ஒவ்வொரு எழுத்தும் ஒப்பிடப்படும், அங்கே மாட்டிக்கொள்ளும். அப்போது திருத்தப் போனால் பள்ளி, தேர்வுத்துறை, பல்கலைக்கழகம், கவுன்சில் என்று நான்கு வாசல் ஏற வேண்டும். முதல் செமஸ்டரின் முதல் மாதத்தில் ஒருநாள் ஒதுக்கி, பத்தாம் வகுப்புச் சான்று, பிளஸ் டூ, ஆதார், பாஸ்போர்ட் நான்கையும் மேசைமேல் வரிசையாக வைத்துப் பாருங்கள். பத்தாம் வகுப்புச் சான்றில் இருப்பதே அடிப்படை. பல்கலைக்கழகத்தில் பெயர் பதிவாகும் முன் மற்றதை அதற்கு இணங்கத் திருத்துவது சுலபம், பதிவான பிறகு கஷ்டம். பாஸ்போர்ட் இன்னும் எடுக்காதவர் இனிஷியலை விரித்துச் சர்நேம் கட்டத்தில் போடட்டும். ஏற்கெனவே முரண்பட்டுப் போனவர்களில் கேரளத்தில் வசிப்பவர் வில்லேஜ் ஆபீசில் ஒரே நபர் சான்று வாங்கலாம். இந்தப் பக்கத்தவர் நோட்டரி பிரமாணப் பத்திரம் செய்து ஃபைலில் அந்தந்தச் சான்றுக்கு அடுத்தே வைக்கட்டும், கடைசியில் அல்ல.

பதிவிலும் இரண்டு வாசல். நம் கல்லூரியில் படித்தவர் முதலில் பதிவு செய்வது சென்னையில் உள்ள தமிழ்நாடு நர்ஸ்கள், மிட்வைஃப்கள் கவுன்சிலில். பாறசாலையிலோ திருவனந்தபுரத்திலோ வேலை என்றால் கேரள கவுன்சிலிலும் பதிவு வேண்டும், அதற்குச் சென்னை கவுன்சிலின் சரிபார்ப்பு அங்கே போய்ச் சேர வேண்டும். இது ஒரு வாரத்தில் முடிகிற வேலையல்ல. பாறசாலைக்காரப் பிள்ளை மார்த்தாண்டத்தில் படித்து, பஸ்ஸில் அரைமணி தூரத்தில் இருக்கிற ஆஸ்பத்திரியில் சேர மாதக்கணக்கில் காத்திருக்கிறது. ரிசல்ட் வந்த வாரமே சென்னை விண்ணப்பத்தை முடித்து, பதிவு எண் கிடைத்த அன்றே கேரள விண்ணப்பத்தைத் தொடங்கச் சொல்லுங்கள். அதுவரை விண்ணப்ப ரசீதின் நகல் ஃபைலில் கவுன்சில் பதிவுக்கான இடத்தில் இருக்கட்டும். ‘பதிவு நடப்பில் உள்ளது’ என்று வாயால் சொல்வதற்கும் எண்ணும் தேதியும் காட்டுவதற்கும் வித்தியாசம் உண்டு. தமிழ்நாட்டு அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த் தகுதித்தாள் கட்டாயம் ஆகிவிட்டதையும் மலையாள வழியில் படித்து வந்த பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.

எல்லைப் பிள்ளைகளிடம் வேறெவரிடமும் இல்லாத சொத்து ஒன்று இருக்கிறது, அதை ஃபைலில் ஒரே வரியில் ‘மொழிகள்: தமிழ், மலையாளம், ஆங்கிலம்’ என்று புதைத்துவிடுகிறார்கள். ‘பனி’ என்று நோயாளி சொன்னால் அது மலையாளத்தில் காய்ச்சல் என்று தமிழ்நாட்டின் உள்மாவட்டத்திலிருந்து வந்த நர்ஸுக்குத் தெரியாது. குளிரடிக்கிறது என்று நினைத்துப் போர்வை எடுத்து வருவார். ‘சர்த்தி’ வாந்தி, ‘தலகறக்கம்’ தலைசுற்றல், ‘ஸ்வாசம் முட்டல்’ மூச்சுத்திணறல். அதேபோல் விளவங்கோட்டுக்காரர் ‘தடிமன்’ பிடித்திருக்கிறது என்றால் அது ஜலதோஷம் என்று கொல்லத்துக்காரருக்கு விளங்காது. இப்படி நாற்பது சொற்களை இரண்டு மொழியிலும் எழுதி, எதிரே கேஸ் ஷீட்டில் எழுத வேண்டிய ஆங்கில மருத்துவச் சொல்லைப் போட்டு ஒரு பக்கம் தயாரிக்கச் சொல்லுங்கள். வருகிற நோயாளிகளை அவசரத்தின்படி பிரிக்கிற டிரையாஜ் மேசைக்கு ஆள் தேடுகிற எந்த மருத்துவமனையும் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகாது. மொழித்திறனைப் பேச, படிக்க, எழுத என்று பிரித்தே எழுதட்டும். பேச மட்டும் தெரிந்து எழுதத் தெரியாதவர், டிஸ்சார்ஜ் அறிவுரையை மலையாளத்தில் எழுதச் சொன்னால் விழிப்பார்.

தடுப்பூசி விஷயத்தில் நாட்காட்டிதான் பிரச்சினை. ஹெப்பட்டைட்டிஸ் பி மூன்று டோஸ்: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். மூன்றாவது போட்டு ஒன்றிலிருந்து இரண்டு மாதத்துக்குள் ரத்தத்தில் எதிர்ப்பு அளவு பார்க்க வேண்டும், மில்லிக்கு 10 மில்லி யூனிட் இருந்தால் பாதுகாப்பு என்று கொள்கிறோம். ஆக முழுசாக எட்டு மாதம். எட்டாம் செமஸ்டரில் தொடங்குகிறவர் இன்டர்வியூவுக்கு வரும்போது இரண்டு டோஸில் நிற்பார். முதலாண்டில், வார்டுக்குள் காலடி வைக்குமுன் தொடங்கினால் ஃபைலுக்காக மட்டுமல்ல, ஊசி குத்திக்கொண்டால் அந்தப் பிள்ளையின் ஈரலுக்காகவும் நல்லது. அட்டையில் தேதி, பேட்ச் எண், போட்டவர் கையெழுத்து மூன்றும் வேண்டும்.

அடுத்தது கல்லூரி அலுவலகம். பல்கலைக்கழக மானியக் குழுவான யூ.ஜி.சி. 2016-லேயே மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று அறிவித்துவிட்டது. இன்னும் இன்டர்வியூ அன்று காலையில் அசல் வாங்க ஆபீஸ் வாசலில் நிற்கிறார்கள். டிரான்ஸ்கிரிப்ட் வெளிநாட்டுக்குப் போகிறவருக்கு மட்டும் என்ற நினைப்பும் தவறு. பாடவாரியாகத் தியரி மணி, பிராக்டிகல் மணி எழுதிய அந்தத் தாளைத்தான் நாங்களும் தேடுகிறோம். கோர்ஸ் முடிக்கும்போதே எல்லாருக்கும் இரண்டு பிரதி கொடுத்துவிட்டால், ஐந்து வருடம் கழித்து ஜெர்மனியிலிருந்து ஒருவர் உங்கள் கிளார்க்கைப் போனில் கெஞ்ச வேண்டியதில்லை. மணிக்கணக்கு பாடத்திட்டத்தோடு ஒத்துப்போக வேண்டும். கூட்டினால் மொத்தம் வராத டிரான்ஸ்கிரிப்ட்டும் எங்கள் மேசைக்கு வருகிறது.

டேட்டாஃப்ளோ போன்ற நிறுவனங்கள் சான்று உண்மைதானா என்று சான்று கொடுத்த இடத்தையே கேட்கும். உங்கள் பக்கத்துக்குக் கேட்டு வந்த மின்னஞ்சலை யாரும் திறக்காவிட்டால், சரிபார்க்க முடியவில்லை என்று முடிவு எழுதிவிடுவார்கள். பழி மாணவர் மேல். சரிபார்ப்புக்கென்று ஒரு அதிகாரபூர்வ மின்னஞ்சலும், அதைத் தினம் திறக்க ஒரு ஆளும் போதும். வகுப்பாசிரியரின் சொந்த ஜிமெயில் இதற்கு உதவாது.

ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ முடித்தவர்களுக்குத் தனியாக ஒன்று. நர்சிங் அலுவலர்களைத் தேர்ந்தெடுக்க எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வுக்கு ஜி.என்.எம். தகுதியோடு வருகிறவர் குறைந்தது 50 படுக்கை மருத்துவமனையில் இரண்டு வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும். படுக்கை எண்ணிக்கை எழுதாத அனுபவச் சான்று அங்கே செல்லாது. முதல் வேலையில் சேரும்போதே இதைக் கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியை விட்ட பிறகு கேட்டால் கிடைப்பது கடினம்.

ஐ.இ.எல்.டி.எஸ்., ஓ.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்வுகளின் மதிப்பெண்களுக்கு ஆயுள் பொதுவாக இரண்டு வருடம். அனுபவம் வேண்டும் என்கிற நாட்டுக்கு மனம் வைத்துக்கொண்டு இறுதியாண்டிலேயே தேர்வெழுதி, அனுபவம் சேரும்போது மதிப்பெண் காலாவதியாகிப் பணம் வீணாகிறது. பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி) அட்டையும் அதே போல இரண்டு வருடம். அதை இன்டர்ன்ஷிப்பில் எடுப்பது சரியான நேரம். அட்டையை வாங்கிவிட்டு நெஞ்சழுத்தம் நிமிடத்துக்கு 100-லிருந்து 120, ஆழம் 5-லிருந்து 6 சென்டிமீட்டர் என்று சொல்லத் தெரியாமல் வருகிறவரைப் பார்த்தால் அந்த அட்டை எந்த வழியில் வந்தது என்ற கேள்வி எழும். ஒருநாள்கூடப் போகாத பயிற்சிக்குச் சான்று விற்கிற இடங்கள் உண்டு. அவற்றைப் பற்றி இங்கே இதற்கு மேல் எழுதவில்லை, உங்களுக்குத் தெரியும்.

ஃபைலின் உடல்வாகு பற்றிச் சுருக்கமாக. ஏ4 அளவு, உறை வைத்த கிளியர் புக். முதல் பக்கம் பொருளடக்கம். பிறகு ரெஸ்யூமே இரண்டு பக்கத்துக்கு மேல் போகாமல், கவுன்சில் பதிவு, பட்டம் அல்லது டிப்ளமோ, டிரான்ஸ்கிரிப்ட், போஸ்டிங் சுருக்கம், செய்முறைப் பக்கம், மூன்று கேஸ், மொழிப் பக்கம், தடுப்பூசி, பி.எல்.எஸ்., பரிந்துரை. பள்ளிச் சான்றுகள் கடைசியில். ஃபைலில் நகல் மட்டும்; அசல் தனி உறையில், கேட்டால்தான் வெளியே வரும். அசலை லேமினேட் செய்ய வேண்டாம் என்று முதல் நாளே சொல்லுங்கள். வெளிநாட்டுக்கான சான்றொப்பத்தில் முத்திரையும் ஸ்டிக்கரும் தாளின் மேலேயே விழ வேண்டும், பிளாஸ்டிக் மேல் விழாது. உரிக்கப் போனால் எழுத்தும் கூட வரும். ஸ்கேன் பிரதிகளை 300 டி.பி.ஐ.-யில் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பெயரும் சான்றின் வகையும் சேர்த்து ஃபைல் பெயர் கொடுக்கட்டும். ‘ஸ்கேன் 0047’ என்று பதினெட்டு ஃபைல் அனுப்பினால் யார் திறப்பார்கள்?

ரெஸ்யூமேயில் ‘சவாலான சூழலில் என் திறமையை வெளிப்படுத்த’ என்று தொடங்குகிற குறிக்கோள் வாக்கியத்தை எல்லைக்கு இரண்டு பக்கமும் உள்ள டி.டி.பி. கடைகள் எல்லாம் சேர்ந்து ஒரே பிரதியிலிருந்து எடுத்திருக்கின்றன போலிருக்கிறது. அதை அடித்துவிட்டு, எந்தப் பிரிவில் வேலை வேண்டும், எப்போது சேர முடியும், நைட் டியூட்டிக்குத் தடை உண்டா என்று மூன்று வரி எழுதினால் போதும். மதம், சாதி, அப்பாவின் தொழில் தேவையில்லை. பரிந்துரைக்கு இரண்டு பேர்: ஒருவர் ஆசிரியர், மற்றவர் வார்டில் கூட நின்றவர். இருவரிடமும் அனுமதி கேட்டிருக்க வேண்டும். நாங்கள் போன் செய்தால் ‘யாரு, தெரியலியே’ என்று வருகிற பதில் நல்ல பரிந்துரை இல்லை.

ஃபைலைப் பயன்படுத்தவும் பழக்க வேண்டும். மேசைமேல் மூடியே இருக்கட்டும். கேள்வி வரும்போது ‘இந்தப் பக்கத்தில் இருக்கிறது, மேடம்’ என்று சரியான தாளைத் திருப்பிக் காட்டப் பத்து வினாடிக்கு மேல் ஆகக் கூடாது. அதற்குத்தான் ஓரத்தில் டேப் ஒட்டுவது. கேஸ் ஸ்டடியைப் படித்துக் காட்டக் கூடாது. மூன்று நிமிடத்தில் வாயால் சொல்ல வேண்டும். தான் எழுதியதைத் தானே செய்தவருக்கு அது வரும்.

உங்களிடம் கேட்பதில் செலவு வைக்கிற காரியம் அதிகம் இல்லை. சனிக்கிழமை அரைமணி, செமஸ்டருக்கு ஒரு ஸ்கேன், முதல் மாதத்தில் பெயர் ஒப்பிடும் ஒருநாள், முதலாண்டிலேயே தடுப்பூசி, முடிக்கும்போது இரண்டு டிரான்ஸ்கிரிப்ட், ஒரு மின்னஞ்சல். இதில் எதையாவது ஒன்றை மட்டும்தான் இந்த வருடம் செய்ய முடியும் என்றால் சனிக்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றை மாணவர் அலைந்து திரிந்தாவது பின்னால் சரிசெய்துகொள்ளலாம், அதை முடியாது.

எங்கள் பங்குக்கு ஒன்று சொல்கிறோம். ஆறாம் செமஸ்டர் முடிகிற மாணவர்களின் ஃபைலைப் பார்த்துத் திருத்த, மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியம் எங்களில் இரண்டு பேர் உங்கள் கல்லூரிக்கே வருகிறோம். ஒரு தடவைக்குப் பத்து ஃபைல். அலங்காரமாகத் தைத்து வர வேண்டாம், லாக் புக்கும் பென்சிலும் கொண்டுவரட்டும்.

இப்படிக்கு,
குமரி எல்லையின் இரண்டு பக்கத்து மருத்துவமனைகளிலும் நேர்முகத் தேர்வில் அமரும் மூத்த செவிலியர்களும், பணிநிறைவு பெற்ற நர்சிங் ஆசிரியர்களும்